கல்ச்சர் ரிப்போர்ட்ல எஸ், ஐ, ஆர்னு போட்டிருக்கே, அப்டின்னா என்னங்க?

எங்க லேப் கவுன்ட்டர்ல தினமும் நடக்குற ஒரு சண்டை இருக்கு. காலைல யூரின் கல்ச்சருக்கு சாம்பிள் குடுத்துட்டு போனவங்க சாயங்காலமே வந்து ரிப்போர்ட் ரெடியான்னு கேப்பாங்க, இல்லங்க ரெண்டு மூணு நாள் ஆகும்னா, சுகர் டெஸ்ட் ஒரு மணி நேரத்துல வருது, இதுக்கு மட்டும் என்ன மூணு நாளு, மெஷின் ரிப்பேரான்னு ஒரு முறைப்பு. அவங்கள சொல்லி குத்தமில்ல. யாரும் அவங்களுக்கு உக்காந்து விளக்கி சொன்னதில்ல.

இது எழுதணும்னு தோணினதுக்கு காரணம் எங்க அத்தை. போன மாசம் நீர்க்கடுப்பு, கூட அடிவயித்துல வலி, ஊர்ல ஒரு லேப்ல கல்ச்சர் போட்டு ரிப்போர்ட்ட ஃபோட்டோ புடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு உடனே ஃபோன். "டேய் தம்பி, மெரோபெனம்னு ஒண்ணு 29 வாங்கியிருக்குடா, அதுதான் ஃபர்ஸ்ட் மார்க், டாக்டர் என்னமோ 21 வாங்கின மாத்திரைய எழுதி குடுத்திருக்காரு, மாத்தி கேக்கட்டா?" அத்தை ரிட்டயர்ட் டீச்சர், மார்க் ஷீட்னு நெனச்சுதான் படிச்சிருக்காங்க.

அத்தை மாதிரி படிக்கிறவங்க நெறைய பேர் இருக்காங்க, அதனால ஆரம்பத்துலேர்ந்து வரேன்.

மொதல்ல அந்த மூணு நாள் கணக்கு. நாங்க தேடுறது உயிரோட இருக்குற பாக்டீரியாவ, அது கண்ணுக்கு தெரியற அளவு வளரணும், அத அவசரப்படுத்த முடியாது. நீங்க குடுத்த யூரின்ல ஒரு சின்ன வளையம் வச்ச கம்பிய முக்கி எடுப்போம், லூப்னு பேரு, அதுல சரியா 1 மைக்ரோலிட்டர், அதாவது ஒரு மில்லில ஆயிரத்துல ஒரு பங்குதான் நிக்கும். அத பிளேட்ல கோடு கோடா இழுத்து இன்குபேட்டர்ல ராத்திரி பூரா வச்சிடுவோம். ஈகோலைன்னு ஒரு பாக்டீரியா, அது மாதிரி ஆளுக்கு வசதி பண்ணி குடுத்தா 20 நிமிஷத்துக்கு ஒருதடவ ரெண்டாகும், காலைல பாத்தா புள்ளி புள்ளியா காலனி நிக்கும். அந்த 1 மைக்ரோலிட்டர்லேர்ந்து 100 காலனி வந்திருந்தா ஒரு மில்லில 1 லட்சம்னு அர்த்தம், ரிப்போர்ட்ல ஒரு லட்சம்னு வர்ற நம்பர் இப்படி எண்ணினதுதான். இது மொத நாள். ரெண்டாவது நாள் வந்திருக்குறது யாருன்னு கண்டுபுடிச்சு, அந்த காலனியவே எடுத்து மருந்து டெஸ்ட் போடுவோம், அதுக்கு இன்னொரு ராத்திரி. மூணாவது நாள் அளந்து பாத்து ரிப்போர்ட். ரத்தத்துல கல்ச்சர்னா இன்னும் இழுக்கும், அதுல பாக்டீரியா ரொம்ப கம்மியா இருக்கும், பாட்டில்ல அஞ்சு நாள் வரைக்கும் வச்சு பாத்துட்டுதான் ஒண்ணும் வளரலன்னு சொல்லுவோம்.

இந்த எடத்துல ஒண்ணு சொல்லிடறேன். மெடிக்கல் ஷாப்ல ஏதோ ஒரு ஆன்டிபயாடிக் ரெண்டு வேளை வாங்கி போட்டுட்டு கேக்கல-ன்னதும் கல்ச்சருக்கு வர்றவங்க ரொம்ப ஜாஸ்தி. அந்த ரெண்டு மாத்திரை நோய கொணப்படுத்தியிருக்காது, ஆனா பிளேட்ல பாக்டீரியா வளராம பண்றதுக்கு அது போதும். அப்புறம் "நோ குரோத்"னு ரிப்போர்ட் வரும், ஆளுக்கு எரிச்சல் அப்படியே இருக்கும், திட்டு எங்களுக்கு வரும்.

சரி, மெயின் விஷயம். ரெண்டாவது நாள் போடுற அந்த டெஸ்ட்ட உங்க முன்னாடி போட்டு காட்டுற மாதிரி சொல்றேன், ஏன்னா இது புரிஞ்சா ரிப்போர்ட் தானா புரிஞ்சிடும்.

ஒரு தட்டு, அதுல கஞ்சி கலர்ல ஜெல்லி. அந்த ஜெல்லி அகார்ங்க, நோன்பு காலத்துல பால் ஊத்தி காய்ச்சி துண்டு போட்டு குடுப்பாங்களே கடல்பாசி, அதே சாமான்தான். லேப்ல அதுகூட பாக்டீரியாவுக்கு சாப்பாடா மாட்டிறைச்சி சாறு, கேசின், கொஞ்சம் ஸ்டார்ச் எல்லாம் சேப்பாங்க. முல்லர் ஹின்டன் அகார்னு பேரு, 1941ல ஹார்வர்ட்ல ஜான் முல்லரும் ஜேன் ஹின்டனும் பண்ணது. ஜேன் ஹின்டன் கறுப்பின பெண், அப்ப அவங்க லேப் அசிஸ்டென்ட், அப்புறம் படிச்சு 1949ல வெட்னரி டாக்டரா ஆனாங்க, அமெரிக்கால அந்த பட்டம் வாங்கின மொத ரெண்டு கறுப்பின பெண்கள்ல ஒருத்தர். இதுல ஒரு வேடிக்கை, அவங்க அந்த அகார பண்ணது கொனோரியாங்குற பால்வினை நோயோட கிருமிய வளக்குறதுக்கு, இன்னிக்கு உலகம் பூரா மத்த கிருமிங்களுக்கு மருந்து டெஸ்ட் போட இதத்தான் ஊத்துறோம், கொனோரியாவுக்கு மட்டும் வேற அகார்.

இந்த ஜெல்லி 4 மிமீ கனம் இருக்கணும். என்னடா 4 மிமீக்கு இவ்ளோ பேச்சுன்னு நெனைக்காதீங்க, காரணம் வருது.

அடுத்து பாக்டீரியாவ சலைன்ல கரைப்போம். எவ்ளோ கலங்கலா இருக்கணும்னும் கணக்கு இருக்கு, மெக்ஃபார்லண்ட் 0.5னு ஒரு மாதிரி டியூப், பேரியம் சல்பேட் போட்டு லேசா வெள்ளையா கலங்கி இருக்கும். கருப்பு கோடு போட்ட அட்டைய பின்னாடி வச்சு ரெண்டு டியூபையும் பக்கத்துல பக்கத்துல புடிச்சு பாப்போம், ரெண்டும் ஒரே மாதிரி மங்கலா தெரிஞ்சா ஒரு மில்லில சுமார் 15 கோடி பாக்டீரியா இருக்குன்னு அர்த்தம். பஞ்சு சுத்தின குச்சிய அதுல முக்கி, டியூப் ஓரத்துல அழுத்தி புழிஞ்சிட்டு, தட்டு முழுக்க தடவணும், தட்ட திருப்பி திருப்பி மூணு தடவ, தோசைக்கல்லுல எண்ணெய் தடவுற மாதிரி ஒரு எடம் விடாம. அது மேல மருந்து ஏத்தின குட்டி காகித வட்டம் வைப்போம், டிஸ்க்னு சொல்லுவோம், 6 மிமீ அகலம், நம்ம பொட்டு சைஸ். சின்ன தட்டுல அஞ்சாறு வைக்கலாம், பெரிய தட்டுல 12 வரைக்கும். அப்புறம் தட்ட கவுத்து 35 டிகிரில 16லேர்ந்து 18 மணி நேரம்.

இப்ப உள்ள என்ன நடக்குதுன்னு பாருங்க. டிஸ்க்லேர்ந்து மருந்து ஜெல்லிக்குள்ள ஊறி சுத்தி பரவுது, கிட்ட கெட்டியா இருக்கும், தூரம் போகப்போக நீத்துப்போகும். அதே நேரத்துல பாக்டீரியா பெருகிக்கிட்டே வருது. ரெண்டுக்கும் ஓட்டப்பந்தயம். மருந்து போதுமான அளவு எட்டின எடத்துல பாக்டீரியா வளராது, எட்டாத எடத்துல வளந்து வெள்ளையா படர்ந்துடும். காலைல பாத்தா டிஸ்க்க சுத்தி சுத்தமா ஒரு வட்டம், அதுதான் ஸோன். அந்த வட்டத்தோட குறுக்களவ ஸ்கேல் வச்சு மிமீல அளப்போம்.

இப்ப அந்த 4 மிமீக்கு வருவோம். ஜெல்லி மெல்லிசா இருந்தா மருந்து கீழ எறங்க எடமில்லாம பக்கவாட்டுல ஜாஸ்தி பரவும், ஸோன் பெருசாகி, கேக்காத மருந்து கேக்குற மாதிரி தெரியும். கனமா இருந்தா நேர் எதிர். பாக்டீரியா அளவும் அப்படித்தான், ஜாஸ்தி தடவிட்டா மருந்து வந்து சேர்றதுக்குள்ள அது வளந்துடும், ஸோன் சின்னதாயிடும். ஒரே கிருமி, ஒரே மருந்து, ஆனா தட்டு ஊத்தினவன் கைய பொறுத்து ரிசல்ட் மாறிடும். 1966க்கு முன்னாடி நெலம இதுதான், ஆளுக்கொரு லேப் ஆளுக்கொரு மொறைன்னு போட்டுக்கிட்டு இருந்தாங்க, ஒருத்தர் ரிசல்ட்ட இன்னொருத்தர்கூட ஒப்பிடவே முடியாது. சியாட்டில்ல பாவர், கர்பின்னு ரெண்டு பேரும் இன்னும் ரெண்டு பேரும் சேந்து அந்த வருஷம்தான் இத இப்படித்தான் போடணும்னு ஒரு மொறையா எழுதி வெளியிட்டாங்க. அதனாலதான் இன்னிக்கும் இதுக்கு கர்பி பாவர் மெத்தட்னு பேரு, வெல கம்மி, பெரிய மெஷின் வேணாம், சின்ன ஊர் லேப்ல கூட போடலாம்.

நம்ம தட்டு சரியா இருக்கான்னு எப்படி தெரியும்? அதுக்குன்னு குணம் தெரிஞ்ச ஒரு ஈகோலைய வளத்து வச்சிருப்போம், ஏடிசிசி 25922னு நம்பர், லேப்ல அத கேள்விப்படாத ஆளே இருக்க மாட்டாங்க. அதுக்கு ஜென்டாமைசின் வச்சா ஸோன் 19லேர்ந்து 26க்குள்ள வரணும். வரலன்னா டிஸ்க் கெட்டிருக்கு இல்ல தட்டு சரியில்ல, என்னன்னு கண்டுபுடிச்சு சரி பண்ற வரைக்கும் ரிப்போர்ட் போகக்கூடாது. ஃப்ரிட்ஜ விட்டு டிஸ்க் டப்பாவ வெளிய மறந்து வச்சிட்டு வீட்டுக்கு போன அனுபவம் எனக்கும் உண்டு, மறுநாள் இந்த கிருமிதான் என்னைய காட்டி குடுத்துச்சு.

இப்ப அத்தையோட மார்க் ஷீட். அவங்களுக்கு வந்திருந்தது ஈகோலை. ரிப்போர்ட்ல மெரோபெனம் 29 எஸ், சிப்ரோஃப்ளாக்சசின் 23 ஐ, நைட்ரோஃபுரான்டாயின் 21 எஸ், ஜென்டாமைசின் 20 எஸ், ஆம்பிசிலின் 6 ஆர். எஸ்னா மருந்து கேக்கும், ஆர்னா கேக்காது, ஐ நடுவுல, விவரமா பின்னாடி சொல்றேன்.

கடைசி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிப்போம். 6னா ஆறு மார்க்காவது வாங்கியிருக்குன்னு அர்த்தமில்ல. டிஸ்க்கே 6 மிமீதான, அது வரைக்கும் பாக்டீரியா வந்து மோதிக்கிட்டு நிக்குது, ஸோனே இல்ல. அதாவது முட்ட.

அடுத்தது, 23 வாங்கின சிப்ரோ ஏன் ஐ, 21 வாங்கின நைட்ரோ ஏன் எஸ்? இங்கதான் எல்லாரும் வழுக்குவாங்க. ஒவ்வொரு மருந்துக்கும் பாஸ் மார்க் வேற. அமெரிக்காவோட சிஎல்எஸ்ஐன்னு ஒரு அமைப்பு போடுற டேபிள்படி ஈகோலைக்கு சிப்ரோ 26 மிமீ இருந்தாத்தான் எஸ், நைட்ரோ 17 இருந்தாலே எஸ், மெரோபெனம் 23. ஏன் வேற வேறன்னா, டிஸ்க்ல ஏத்தியிருக்குற அளவே வேற, சிப்ரோ டிஸ்க்ல 5 மைக்ரோகிராம், நைட்ரோ டிஸ்க்ல 300. சில மருந்து ஜெல்லில வேகமா ஊறும், சிலது நகராது. ஒடம்புல எவ்ளோ சேருதுங்குறதும் வேற. அதனால ஒரு மருந்தோட நம்பர இன்னொரு மருந்து நம்பரோட ஒப்பிடவே கூடாது, தமிழ் பரிச்சைல வாங்கினதையும் நீளத்தாண்டுதல்ல தாண்டினதையும் பக்கத்துல வச்சு எது ஜாஸ்தின்னு கேக்குற மாதிரி ஆயிடும்.

பாஸ் மார்க்கும் நிலையா இருக்கிறதில்ல. இதே சிப்ரோவுக்கு 2019க்கு முன்னாடி 21 மிமீ இருந்தா போதும் எஸ் போட்ருவோம். அந்த எல்லைல இருக்குறவங்களுக்கு மருந்து சரியா வேல செய்யலன்னு தெரிய வந்து ஏத்திட்டாங்க. அத்தையோட 23 அப்ப வந்திருந்தா எஸ், இப்ப ஐ. கிருமி மாறல, கோடு மாறிடுச்சு. பழைய டேபிள சொவத்துல ஒட்டி வச்சுக்கிட்டு அதையே பாத்து ரிப்போர்ட் அடிக்கிற லேப் இருந்தா அது பெரிய தப்பு, ஆனா நடக்கத்தான் செய்யுது.

எஸ்னா சென்சிடிவ், சாதாரண டோஸ்ல இந்த மருந்து இந்த கிருமிய அடக்கும்னு எதிர்பாக்கலாம். ஆர்னா ரெசிஸ்டன்ட், டோஸ் கூட்டினாலும் பிரயோசனமில்ல. நடுவுல இருக்குற ஐ, அதாவது இன்டர்மீடியட், அதுதான் குழப்பம், ரொம்ப நாளா அத "அரைகுறை"ன்னு எல்லாரும் ஒதுக்கிட்டு போனாங்க. ஐரோப்பால இருக்குற யூகாஸ்ட்ங்குற அமைப்பு 2019ல அதுக்கு அர்த்தத்தையே மாத்தி, டோஸ் கூட்டி குடுத்தா இல்ல மருந்து அந்த எடத்துல ஜாஸ்தி சேந்தா கேக்கும்னு வச்சிட்டாங்க. அந்த முடிவு எனக்கு சரின்னுதான் படுது, ஐ பாத்ததும் பயந்து நேரா பெரிய ஊசிக்கு தாவுறது கொஞ்சமாவது கொறையும்.

இதுல இன்னொரு குழப்பம். "எனக்கு ஆம்பிசிலின் ரெசிஸ்டன்ஸ் ஆயிடுச்சு"ன்னு சொல்லுவாங்க. உங்களுக்கு ஆகலீங்க, அந்த கிருமிக்கு ஆயிருக்கு. அடுத்த வருஷம் வேற கிருமி வந்தா அதுக்கு அதே ஆம்பிசிலின் கேட்டாலும் கேக்கும். அதே மாதிரி ரிப்போர்ட்ல சென்சிடிவ்னு பாத்துட்டு அய்யய்யோ எனக்கு இந்த மருந்து அலர்ஜியான்னு கேக்குறவங்களும் உண்டு. அலர்ஜிக்கும் இந்த டெஸ்ட்டுக்கும் சம்பந்தமே இல்ல.

சில ரிப்போர்ட்ல மிமீ இருக்காது, எம்ஐசின்னு போட்டு 0.25, 32 இப்படி நம்பர் இருக்கும். அது வேற மொற. வரிசையா டியூப் வச்சு, ஒவ்வொண்ணுலயும் மருந்து பாதி பாதியா கொறஞ்சுக்கிட்டே போகும், 4, 2, 1, 0.5, 0.25னு, எல்லாத்துலயும் ஒரே அளவு பாக்டீரியா போட்டு ராத்திரி வைக்கணும். காலைல சிலது கலங்கியிருக்கும், சிலது தெளிவா இருக்கும். தெளிவா இருக்குறதுல எதுல மருந்து ரொம்ப கம்மியோ அந்த நம்பர்தான் எம்ஐசி, கிருமிய வளராம நிறுத்த தேவைப்பட்ட குறைஞ்சபட்ச அளவு. பெரிய லேப்ல விட்டெக் மாதிரி மெஷின் சீட்டு சைஸ் கார்டுக்குள்ள இத தானா பண்ணிடும். இங்க மிமீக்கு தலைகீழ், நம்பர் கம்மியா இருந்தா நல்லது, ஆனா திருப்பியும் அதே எச்சரிக்கை, சிப்ரோவுக்கு 0.25 தாண்டினா எஸ் இல்ல, நைட்ரோவுக்கு 32 இருந்தாலும் எஸ். ஏன்னா நைட்ரோ மாத்திரை போட்டா அது ரத்தத்துல பெருசா நிக்காது, நேரா யூரின்ல போய் குவியும். கொலிஸ்டின்னு கடைசி கட்டத்துல எடுக்குற ஒரு மருந்துக்கு இந்த டியூப் மொறதான் சரி, அதோட மூலக்கூறு பெருசு, ஜெல்லில ஊறாது, டிஸ்க் வச்சு பாத்தா ஏமாத்திடும்.

எனக்கு இந்த வேலைல ரொம்ப புடிச்ச ஒரு டெஸ்ட் இருக்கு, அத சொல்லாம போக மனசு வரல. கட்டி, புண்ணுலேர்ந்து வர்ற ஸ்டஃபைலோகாக்கஸ்னு ஒரு கிருமி. அதுக்கு கிளின்டாமைசின் டிஸ்க் வச்சா சில சமயம் அழகா பெருசா ரவுண்டா ஸோன் வரும், எஸ்னு போட கை பரபரக்கும். ஆனா அது நடிக்குது. அதுகிட்ட ரெசிஸ்டன்ஸுக்கான ஜீன் இருக்கு, தூங்குது, எழுப்ப ஆள் வேணும். எரித்ரோமைசின்தான் அத எழுப்புற ஆளு. அதனால எரித்ரோமைசின் டிஸ்க்க கிளின்டா டிஸ்க்குக்கு 15லேர்ந்து 26 மிமீ தூரத்துல வைப்போம். காலைல பாத்தா கிளின்டா ஸோன் ரவுண்டா இருக்காது, எரித்ரோ பக்கம் இருக்குற ஓரம் மட்டும் வெட்டி எடுத்த மாதிரி தட்டையா, இங்கிலீஷ் எழுத்து டி (D) மாதிரி நிக்கும். அந்த பக்கத்துல ஜீன் முழிச்சிக்கிச்சு. டி டெஸ்ட்னே பேரு. டி வந்தா ஸோன் எவ்ளோ பெருசா இருந்தாலும் ஆர்னுதான் ரிப்போர்ட் பண்ணணும், இல்லன்னா அந்த மருந்த குடுத்து நாலு நாள் கழிச்சு புண்ணு திரும்ப சீழ் வைக்கும். ரெண்டு டிஸ்க்க பக்கத்துல வைக்கணும்ங்குறது மட்டும்தான் இதுல இருக்குற செலவு.

தட்டுல நடக்குறது எல்லாம் ஒடம்புல நடக்காதுங்குறதுக்கு டைஃபாய்டு நல்ல உதாரணம். அந்த கிருமிக்கு ஜென்டாமைசின் வச்சா தட்டுல ஜம்முனு ஸோன் வரும். ஆளுக்கு ஊசி போட்டா காய்ச்சல் எறங்காது, ஏன்னா அந்த கிருமி நம்ம செல்லுக்குள்ள பூந்து ஒளிஞ்சிக்கும், ஜென்டாமைசின் அங்க சரியா நுழையாது. அதனால டைஃபாய்டு ரிப்போர்ட்ல ஜென்டாமைசின் எஸ்னு போடவே கூடாதுன்னு ரூல். நைட்ரோவும் இப்படி ஒரு மருந்துதான், மூத்திரப்பைல இருக்குற தொந்தரவுக்கு சரி, குளிர் காய்ச்சலோட கிட்னி வரைக்கும் ஏறிடுச்சுன்னா தட்டுல எஸ்னு வந்தாலும் அது ஒதவாது.

இதனாலயே நல்ல லேப்ல டெஸ்ட் பண்ண எல்லாத்தையும் ரிப்போர்ட்ல காட்ட மாட்டாங்க. சாதாரண மருந்து கேக்குதுன்னா அத மட்டும் போட்டுட்டு மெரோபெனம் மாதிரி பெரிய ஊசிய உள்ளயே வச்சுக்குவாங்க, தேவைப்பட்டா டாக்டர் கேட்டு வாங்கிக்கலாம். காசு வாங்கிட்டு ரிசல்ட்ட மறைக்கிறாங்கன்னு இதுக்கும் ஒருத்தர் சண்டைக்கு வந்திருக்காரு. அத்தைக்கு போட்ட லேப்ல எல்லாத்தையும் அப்படியே அடிச்சு விட்டுட்டாங்க, அதான் வெனையே.

அத்தைகிட்ட இவ்ளோவும் சொல்லல, முக்கியமானத மட்டும் சொன்னேன். காய்ச்சல் இருக்கான்னு கேட்டேன், இல்லன்னாங்க. "அத்தை, மெரோபெனம் நரம்புல ஏத்துற ஊசி, ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு போடணும். உங்களுக்கு இருக்குறது மூத்திரப்பைல, டாக்டர் எழுதின மாத்திரை நேரா அங்கதான் போய் சேரும், அதோட பாஸ் மார்க் 17, அது 21 வாங்கியிருக்கு. சாப்பாட்டோட போடுங்க, நாள் கணக்க பாதில விட்றாதீங்க"ன்னேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்ல. அப்புறம், "ஏன்டா, ஒரு மருந்துதான் குடுக்கப்போறாங்கன்னா மத்ததுக்கெல்லாம் எதுக்குடா எஸ்ஸு ஐயுன்னு போட்டு வச்சிருக்கீங்க?"

நல்ல கேள்வி. உங்களுக்கு கிட்னி பழுதா இருந்திருந்தா நைட்ரோ குடுக்க முடியாது, அப்ப டாக்டர் அந்த லிஸ்ட்ல அடுத்தத பாக்கணும். மாசமா இருக்குற பொண்ணுன்னா சிப்ரோவ பொதுவா தவிர்ப்பாங்க, வேற ஒருத்தருக்கு பென்சிலின் வகை அலர்ஜி இருக்கும். ஒரே ஈகோலை, ஒரே ரிப்போர்ட், ஆனா ஆளு மாறினா அதுலேர்ந்து எடுக்குற மருந்து மாறும்னேன். "அப்ப இது மார்க் ஷீட் இல்ல, மெனு கார்டு"ன்னாங்க அத்தை. கிட்டத்தட்ட சரிதான், என்ன, ஆர்டர் குடுக்குறது மட்டும் நாம இல்ல.